"லேடி டாக்டர் இருக்கிறாரா?"

 

மாங்காட்டில் எங்கள் தெருவில் வாழ்ந்து மறைந்த ஒரு மூதாட்டியைப் பற்றிச் சொல்லித்தான் இக்கட்டுரையைத் தொடங்க வேண்டியிருக்கிறது. ஐவேளைத் தொழுகையைத் தவறவிடாதவர். தெருவில் எந்த வீட்டில் பிள்ளைப்பேறு என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பவர். தம் மார்பில் ஒரு கட்டி தோன்றியிருப்பதை, அது பட்டாணி அளவில் இருந்தபோதே அவர் அறிந்திருந்தார். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. பெற்ற மகளிடம்கூட வாய் திறக்கவில்லை. ஒன்றரை ஆண்டு கழித்து, துணியில் படிந்த கறையைக் கண்ட மருமகள்தான் அவரை வற்புறுத்தி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்.

"இத்தனை நாள் ஏனம்மா வரவில்லை?" என்று மருத்துவர் கேட்டார்.

"ஆம்பிளை டாக்டர் இருப்பாரோன்னு பயந்துட்டேன்மா" என்று அவர் தலைகுனிந்தபடி சொன்னார்.

அந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரு பெண் மருத்துவர்! அவர் அங்கே இருப்பது தெரியாமலேயே அந்த மூதாட்டி ஒன்றரை ஆண்டைக் கழித்துவிட்டார். அதற்குள் நோய் மார்பைக் கடந்து பரவிவிட்டது. ஏழு மாதங்களுக்குப் பின் அவருடைய ஜனாஸாவை எடுத்தார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

வாழ்நாளும் மரணமும் அல்லாஹ்வின் கையில் உள்ளவை; அதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் நோய்க்கு மருத்துவம் செய்து கொள்ளுமாறு நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்திருக்கிறார்கள் அல்லவா? வெட்கம் ஈமானின் ஒரு கிளைதான். ஆனால் உயிரைக் காக்கும் பரிசோதனையைத் தடுக்கும் வெட்கத்தை மார்க்கம் நம்மிடம் கேட்கவில்லை. பெண் மருத்துவர் கிடைக்காத நிலையில், தேவையின் அளவுக்கு ஆண் மருத்துவரிடம் காட்டிக் கொள்வது கூடும் என்றே மார்க்க அறிஞர்கள் கூறியுள்ளனர்.

இவ்வளவும் நாம் அறிந்தவைதான். நாம் எண்ணிப் பார்க்காத செய்தி ஒன்று இருக்கிறது. மருத்துவமனை வாசலில் நின்று "லேடி டாக்டர் இருக்கிறாரா?" என்று நாம் கேட்கிறோமே, அந்த லேடி டாக்டர் எங்கிருந்து வந்தார்? அவரை நமக்குக் கொண்டு வந்து சேர்த்தவர்கள் யார்?

கோஷா ஆஸ்பத்திரி பிறந்த கதை

மாங்காட்டிலிருந்து இருபது கிலோமீட்டருக்கும் அப்பால், சென்னைச் சேப்பாக்கத்தில் ஒரு மகளிர் மருத்துவமனை இருக்கிறது. அரசு கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என்பது இன்றைய பெயர். ஆனால் திருவல்லிக்கேணியில் உள்ள எந்தப் பாட்டியிடம் கேட்டாலும் "கோஷா ஆஸ்பத்திரி" என்றுதான் சொல்வார். கோஷா என்றால் திரைமறைவில் வாழும் பெண்கள். அதாவது நம் பாட்டிமார்கள். அவர்களுக்கென்றே எழுந்த மருத்துவமனை அது.

1866ஆம் ஆண்டு மேரி ஷார்லீப் என்னும் ஆங்கிலப் பெண்மணி, வழக்கறிஞரான கணவருடன் சென்னைக்கு வந்தார். இந்நாட்டுப் பெண்கள் பலர், ஆண் மருத்துவரிடம் காட்ட மறுத்து, பேறுகாலத்தில் உதவியின்றி உயிர் துறக்கும் செய்திகள் அவர் காதுக்கு எட்டின. முதலில் பிரசவம் பார்க்கக் கற்றார். அது போதாது என்று உணர்ந்து, 1875ஆம் ஆண்டு வேறு மூன்று பெண்களோடு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பெண்களுக்கு மருத்துவம் கற்பிப்பதா என்ற எதிர்ப்பு அன்று கடுமையாக இருந்தது. சென்னை மாகாணத்தின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த எட்வர்டு பால்ஃபர் துணை நின்றதால் கதவு திறந்தது. 1878இல் ஷார்லீப் தேர்ச்சி பெற்றார். பின்னர் இலண்டனில் மேற்படிப்பை முடித்து 1883இல் சென்னைக்குத் திரும்பினார். 1885இல் நுங்கம்பாக்கத்தில் ஒரு கட்டடத்தில் உயர்சாதி இந்துப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமாக அம்மருத்துவமனை தொடங்கியது. பின்னர் சேப்பாக்கத்தில் சொந்த இடத்திற்கு வந்தது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது இதுதான்: நம் பாட்டிமார்களின் கோஷாவை மதித்து, அதற்காகவே ஒரு பெண் மருத்துவப் படிப்புக்கான போராட்டத்தில் இறங்கினார். திரையைக் கைவிட்டால்தான் மருத்துவம் என்று அவர் நிபந்தனை போடவில்லை. திரைக்கு உள்ளே வரத்தக்க மருத்துவர்களை உருவாக்குவோம் என்றார்.

தனிமரம் தோப்பானது

ஒருவர் இருவர் மருத்துவரானால் சில நோயாளிகள் பிழைப்பார்கள். பலர் ஒன்றுகூடினால் சட்டமே மாறும். இதற்குச் சான்றாக ஒரு துயர நிகழ்ச்சியைக் கூறலாம். கல்கத்தாவில், வயது வந்தவனுக்கு மணம் முடிக்கப்பட்ட பத்துப் பதினோரு வயதுச் சிறுமி ஒருத்தி, கணவனின் செயலால் உயிரிழந்தாள். நாடெங்கும் விவாதம் எழுந்தது. 1890இல் இந்தியாவில் பணியாற்றிய 55 பெண் மருத்துவர்கள் ஒரே மனுவில் கையொப்பமிட்டு வைஸ்ராய்க்கு அனுப்பினர். தங்கள் கைகளால் மருத்துவம் பார்த்த சிறுமிகளின் நிலையை, ஒவ்வொன்றாக அம்மனுவில் எழுதினர். இவற்றையெல்லாம் எந்த ஆண் மருத்துவரும் அந்த அளவுக்குக் கண்டிருக்க முடியாது. அடுத்த ஆண்டு, 1891இல், உடலுறவுக்கான சட்ட வயது பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தப்பட்டது. போதாத உயர்வுதான். ஆயினும் பெண் மருத்துவர்களின் கூட்டுக் குரல் சட்டத்தின் வாசலைத் தட்டியது அப்போதுதான்.

அதே 1885இல் டஃபரின் சீமாட்டியின் பெயரால் ஒரு நிதி தொடங்கப்பட்டு, பெண்களுக்கான மருத்துவமனைகள் பல ஊர்களில் எழுந்தன. ஆனால் அவற்றில் பணியாற்றிய பெண் மருத்துவர்களின் நிலை என்ன? ஊதியம் குறைவு, பணிப் பாதுகாப்பு இல்லை. மேலும், அவர்கள் ஆண் அதிகாரிகளின் மேற்பார்வைக்கு உட்பட்டிருந்தனர். பெண்களுக்கென்று கட்டிய மருத்துவமனைக்குள் ஆண் அதிகாரி நுழைந்தால், கோஷாப் பெண்கள் எப்படி வருவார்கள்? ஆகவே பெண் மருத்துவர்கள் கேட்ட சமத்துவம், அவர்களுடைய சம்பளத்திற்காக மட்டும் கேட்கப்பட்டது அன்று. நோயாளிகளின் மானத்திற்காகவும் கேட்கப்பட்டது.

இதற்காகவே 1907இல் இந்தியப் பெண் மருத்துவர் சங்கம் உருவாயிற்று. பம்பாய்க் காமா மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் ஆனெட் பென்சன் இதில் முன்னின்றவர்களுள் ஒருவர். பெண்கள் மருத்துவமனைகள் பெண் மருத்துவர்களின் பொறுப்பிலேயே இருக்க வேண்டும், அவர்களுக்கு முறையான அரசுப் பணி அமைய வேண்டும் என்று சங்கம் இடைவிடாது வற்புறுத்தியது. அதன் விளைவாக 1914இல் இந்திய மகளிர் மருத்துவப் பணி என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. 1916இல் தில்லியில் பெண்களுக்கென லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 1918இல் வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். 1919இல் உலகப் பெண் மருத்துவர் சங்கம் நியூயார்க்கில் உதயமானது.

புதுக்கோட்டையிலிருந்து ஒரு பெண்

தமிழகத்தில் இப்பணியை முழு உருவம் பெறச் செய்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். ஆண்கள் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியில் முதல் மாணவியாக அமர்ந்தவர். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்றவர்.

மருத்துவமனையோடு அவர் நிற்கவில்லை. 1917இல் அடையாறில் தோன்றிய இந்திய மாதர் சங்கத்தின் தொடக்க காலத் தலைவியருள் அவரும் ஒருவர். அதே ஆண்டு டிசம்பரில் இந்தியப் பெண்கள் தூதுக்குழு ஒன்று, சென்னை வந்த மாண்டேகு துரையைச் சந்தித்து வாக்குரிமை கேட்டது. சரோஜினி நாயுடு தலைமை தாங்கிய அக்குழுவில் பேகம் ஹஸ்ரத் மோகானி இருந்தார் என்பதும், டாக்டர் ஜோஷி என்ற பெண் மருத்துவர் இருந்தார் என்பதும் நம் நினைவில் நிற்க வேண்டிய செய்திகள். வாக்குரிமையோடு கல்வியும் சுகாதாரமும் மகப்பேற்று வசதியும் வேண்டும் என்று அக்குழு கேட்டது. 1921இல் சென்னை மாகாணப் பெண்கள் வாக்குரிமை பெற்றனர்.

1926இல் முத்துலட்சுமி சென்னைச் சட்டமன்றத்தில் உறுப்பினரானார். அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். தேவதாசி முறை ஒழிப்பு, பெண்களின் திருமண வயது உயர்வு, பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை, முஸ்லிம் மாணவியருக்கு விடுதி என அவர் எடுத்துக் கொண்ட காரியங்கள் பல. 1930இல் ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லத்தை நிறுவினார்.

அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். அந்தத் துயரம் அவர் நெஞ்சில் ஆறாத புண்ணாயிற்று. மாதர் சங்கத்தின் மூலம் நிதி திரட்டி, 1954இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021இல் இறக்கும் வரை தம் வாழ்வையே அதற்கு அர்ப்பணித்தார். எங்கள் தெரு மூதாட்டியைப் போன்ற பெண்கள் பல்லாயிரவர், சமயம் சாதி பாராமல், அந்த வாசலில் ஆறுதல் பெற்றிருக்கிறார்கள். ஏழைக் கர்ப்பிணிகளுக்குத் தமிழக அரசு வழங்கும் மகப்பேற்று நிதியுதவித் திட்டத்திற்கு முத்துலட்சுமியின் பெயர்தான் சூட்டப்பட்டிருக்கிறது. அத்தொகை 2018இல் 18,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

நம் முன்னோர் காட்டிய வழி

"இதெல்லாம் பிறருடைய வரலாறு, நமக்கும் இதற்கும் என்ன?" என்று எவரேனும் கேட்கக்கூடும். அவர்கள் மதீனாவை நோக்கட்டும். அகழ்ப்போரின் போது காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள், மஸ்ஜிதுந் நபவியில் அமைந்த ருஃபைதா (ரலி) அம்மையாரின் கூடாரத்தில்தான் சிகிச்சைக்காகத் தங்கவைக்கப்பட்டார்கள். உம்மு அதிய்யா (ரலி) அவர்கள் ஏழு போர்களில் நபிகளாருடன் சென்று, காயம்பட்டோரைக் கவனித்தார்கள். ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் எழுதவும் நோய்க்குப் பரிகாரம் செய்யவும் அறிந்தவர்கள். அதை அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்குக் கற்றுக் கொடுக்குமாறு நபிகளாரே கூறினார்கள்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் மருத்துவக் கல்வியை ஃபர்ளு கிஃபாயா என்று வகுத்தார்கள். அதாவது, ஊரில் போதுமானவர்கள் அதைக் கற்றுக் கொண்டால் மற்றவர் பொறுப்பு நீங்கும். எவரும் கற்காவிட்டால் ஊர் முழுவதும் குற்றவாளி. தம் காலத்தில் ஃபிக்ஹுக் கலையில் எல்லோரும் போட்டி போடுவதையும், மருத்துவம் கற்க முஸ்லிம்கள் முன்வராததையும் குறிப்பிட்டு அவர்கள் வருந்தினார்கள். அன்று அவர்கள் வருந்தியது ஒட்டுமொத்த மருத்துவத்தைப் பற்றி. பெண்களுக்குப் பெண்களே மருத்துவம் பார்க்க வேண்டும் என்று விரும்பும் நாம், அந்தப் பொறுப்பில் எத்தனை பங்கு சுமந்திருக்கிறோம்?

ஒரு தந்தையின் அச்சம்

இப்போது மீண்டும் மாங்காட்டிற்கு வருவோம். மறைந்த அந்த மூதாட்டிக்கு ஒரு பேத்தி இருக்கிறாள். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படித்து நல்ல மதிப்பெண் வாங்கியவள். பாட்டியின் கடைசி நாட்களில் புண்ணுக்குக் கட்டுப் போட்டவள் அவளே. மருத்துவம் படிக்க வேண்டும் என்கிறாள். அவளுடைய தந்தை மறுக்கிறார். அவர் படிப்பறிவில்லாதவர் அல்லர். மகளிடம் அன்பில்லாதவரும் அல்லர். "கல்கத்தாவில் நடந்ததைப் பார்த்தீர்களல்லவா?" என்பதே அவர் எழுப்பும் கேள்வி.

அவர் குறிப்பிடுவது, 2024 ஆகஸ்ட் 9ஆம் நாள் கல்கத்தாவில் அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில், இரவுப் பணியிலிருந்த பயிற்சி மருத்துவர் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொலையுண்ட கொடுமையை. முப்பத்தாறு மணிநேரம் தொடர்ந்து பணியாற்றும் மருத்துவருக்குக் கண்ணயர ஒரு பாதுகாப்பான அறை இல்லாத நாட்டில், ஒரு தந்தை அஞ்சுவதில் தவறு காண முடியாது. அவருடைய அச்சத்தை அசட்டுத்தனம் என்று ஒதுக்குவோர், பெண் மக்களைப் பெறாதவர்களாகத்தான் இருப்பார்கள்.

ஆயினும் அதன் பின் நடந்ததையும் அத்தந்தை எண்ணிப் பார்க்க வேண்டும். நாடெங்கும் பெண் மருத்துவர்கள் வீட்டுக்குள் அடங்கிவிடவில்லை, வீதிக்கு வந்தார்கள். ஆண் மருத்துவர்களும் உடன் நின்றார்கள். உச்சநீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்து, மருத்துவப் பணியாளர்களின் பாதுகாப்புக்கு வழிகாணத் தேசியப் பணிக்குழு ஒன்றை அமைத்தது. குற்றவாளிக்கு 2025 ஜனவரியில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. பணியிடங்களில் பெண்களுக்கு இழைக்கப்படும் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் ஒவ்வொரு நிறுவனத்திலும் புகார்க்குழு இருந்தாக வேண்டும். தமிழகத்தில் மருத்துவப் பணியாளரைத் தாக்குவோரைத் தண்டிக்க 2008ஆம் ஆண்டிலேயே சட்டம் உண்டு. சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. அதை நடைமுறைக்குக் கொண்டுவர, கேட்பதற்கு ஆள் வேண்டும். கேட்க வேண்டிய பெண்கள் அங்கே இல்லாமற்போனால் யார் கேட்பார்கள்?

உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று, மருத்துவ, சுகாதாரப் பணியாளரில் நூற்றுக்கு எழுபது பேர் பெண்கள் என்றும், தலைமைப் பதவிகளிலோ நூற்றுக்கு இருபத்தைந்து பேரே பெண்கள் என்றும் கூறியது. உழைக்கும் கைகள் பெண்களுடையவை. இரவுப் பணியின் அட்டவணையையும் ஓய்வறையின் பூட்டையும் தீர்மானிக்கும் கைகள் பெரும்பாலும் வேறு. 1907இல் தொடங்கிய போராட்டம் இன்னும் முடியவில்லை என்பதை இது உணர்த்துகிறது.

நாம் செய்ய வேண்டியவை

வாசிக்கும் சகோதரியே! இக்கட்டுரையை மூடிவைக்கும் முன் சில காரியங்களை உறுதி செய்து கொள்ளுங்கள்.

மாதம் ஒருமுறை உங்கள் மார்பை நீங்களே தொட்டுப் பாருங்கள். கட்டி, தோல் சுருக்கம், காம்பிலிருந்து கசிவு ஆகியவற்றில் எது தென்பட்டாலும் வலியில்லை என்று விட்டுவிடாதீர்கள். தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இருப்பதில்லை. இந்தியப் பெண்களிடம் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. அடுத்தது கருப்பைவாய்ப் புற்றுநோய். முப்பது வயதைக் கடந்த பெண்களுக்குக் கருப்பைவாய்ப் பரிசோதனை அரசு மருத்துவமனைகளில் செய்யப்படுகிறது. அதைத் தடுக்கும் தடுப்பூசியும் உண்டு. ஒன்பது முதல் பதினான்கு வயதுக்குள் பெண் பிள்ளைகளுக்குப் போட்டுவிடுவது சிறந்தது. இரத்தசோகையை அலட்சியம் செய்யாதீர்கள். 2019-21ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்திலும் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள்.

பெண் மருத்துவர் எந்நாளில் எந்நேரம் இருப்பார் என்பதை, நோய் வருமுன்பே விசாரித்து வையுங்கள். பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர்ப் பகுதிகளில் உள்ள அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்பச் சுகாதார நிலையங்களிலும் கேட்டறிந்து, அத்தகவலை ஜமாஅத் அறிவிப்புப் பலகையிலும் பெண்கள் பயான் மஜ்லிஸிலும் தெரிவிக்கலாம். இதற்குச் செலவு ஏதுமில்லை. எங்கள் தெரு மூதாட்டிக்குத் தேவைப்பட்டது இந்த ஒரு செய்திதான்.

வாசிக்கும் சகோதரரே! உங்கள் மகள் மருத்துவம் கேட்டால், மறுக்கும் முன் வழிகளை அறிந்து கொள்ளுங்கள். தமிழகத்தில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020 முதல் மருத்துவச் சேர்க்கையில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. 1955இல் நீதிபதி பஷீர் அகமது சயீத் அவர்கள் சென்னையில் பெண்களுக்கென்று கல்லூரி கண்டபோது, பெண்ணுக்கு ஏன் கல்லூரி என்று கேட்டவர்களும் இருந்திருப்பார்கள். அங்கே படித்தவர்களின் பேத்திகள் இன்று எங்கெங்கோ உயர்ந்திருக்கிறார்கள்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டணத்தை மட்டும் விசாரிக்காதீர்கள். விடுதி எப்படி, இரவுப் பணியில் பெண்களுக்குத் தனி ஓய்வறை உண்டா, புகார்க்குழு செயல்படுகிறதா என்று கேளுங்கள். ஒரு தந்தை கேட்டால் அலட்சியம் செய்வார்கள். நூறு தந்தையர் கேட்டால் அறைக்குப் பூட்டுப் போடுவார்கள். 55 பெண்கள் கையெழுத்திட்டதால் சட்டம் அசைந்ததை மேலே கண்டோமல்லவா?

அந்தப் பேத்தியின் தந்தை இன்னும் முடிவு சொல்லவில்லை. "இஸ்திகாரா தொழுதுவிட்டுச் சொல்கிறேன்" என்றார். அவர் தொழட்டும், அல்லாஹ் அவருக்கு நல்வழி காட்டட்டும். நாம் அவரிடம் வைத்த வேண்டுகோள் ஒன்றே: "உங்கள் தாயார் ஒன்றரை ஆண்டு யாருக்காகக் காத்திருந்தார்களோ, அவளாக உங்கள் மகள் ஆக விரும்புகிறாள். முடிவெடுக்கும்போது அதையும் நினைவில் வையுங்கள்."

நம் வீட்டுப் பெண்கள் மருத்துவமனை வாசலில் நின்று "லேடி டாக்டர் இருக்கிறாரா?" என்று கேட்கும்போது, "இருக்கிறார், வாருங்கள்" என்று உள்ளிருந்து அழைக்கும் குரல்களில் ஒன்றேனும் நம் வீட்டுப் பிள்ளையின் குரலாக ஆக, வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.